பின்வளவில் ஒரு சுரங்கம்

காலை ஆறரை மணிக்குச் சல்லியில் ஒரு கேத்தில் கைமாறியது. மூக்கடியில் ஓட்டை. அடிப்பாகம் கரியேறிக் கறுத்திருந்தது. பிடி எப்போதோ கழன்றுபோய், அந்த இடத்தில் கம்பி முறுக்கியிருந்தார்கள். "இருபது வருசம் தேத்தண்ணி குடுத்த சாமான். பாத்து நிறுங்கோ" என்றா வீட்டுக்கார அக்கா. பழைய சாமான் வாங்கும் அண்ணை அதைக் கையில் எடுத்து விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். 'டங்' என்று மெலிசாக ஒரு சத்தம். "நல்ல தகடு" என்றார். அவருடைய ஓட்டோவின் பின்சீற்றில், சாக்குகளுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்த எனக்குப் புல்லரித்தது. இந்தக் கேத்தில் எங்கே போகிறது, என்னவாகிறது என்று கடைசிவரை பார்த்துவிட வேண்டும் என்றுதான் விடியமுதல் எழும்பி வந்திருந்தேன்.

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வந்து சாம்பல்தீவில் கடல்பக்கம் திரும்பினால் சல்லி. முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து வருகிறவர்களுக்கு இந்தப் பாதை மனப்பாடம். ஊரின் பெயரோ இந்தக் கதைக்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது. எங்கள் பேச்சில் சல்லி என்றால் காசு. நொறுங்கிச் சிதறியதையும் சல்லி சல்லியாய்ப் போச்சு என்போம். சல்லியாய்ப் போனது சல்லியாய் மாறும் வியாபாரத்தைப் பார்க்கச் சல்லியை விட்டு வேறு எங்கே போவது!

அக்கா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனா. அலுமினியம் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். சோத்துப்பானை, அதன் மூடி, பால் காய்ச்சும் சட்டி, இட்டலிச் சட்டி, அதற்குள் குழித்தட்டுகள், இடியப்ப உரல், மா அரிக்கும் அரிதட்டு. அக்கா சிரித்துக்கொண்டே எடுத்து எடுத்து வைத்தா. பிறகு நான் குசினிக்கு வெளியே எண்ணத் தொடங்கினேன். யன்னல் சட்டம். மின்விசிறியின் இறக்கை. சைக்கிள் சில்லின் வளையம். கூரைமேல் அன்ரெனா. வீதியிலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி. மேசையில் கிடந்த குளிசை மட்டையின் முதுகில் ஒட்டிய வெள்ளித்தாள். குளிர்சாதனப் பெட்டிக்குள் குளிர்விக்கும் தகடு. முப்பதைத் தாண்டியபோது எனக்கு மூச்சு வாங்கியது, அக்காவுக்கோ சிரிப்பு நிற்கவில்லை. "இவ்வளத்தையும் வைச்சுக்கொண்டே நான் ஏழையெண்டு திரியிறன்?"

ஒரு காலத்தில் இந்தக் குசினி ஓர் அரண்மனையின் பொக்கிச அறையாக இருந்திருக்கும். 1850களில் அலுமினியம் அவ்வளவு அருமை. பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் மிக உயர்ந்த விருந்தாளிகளுக்கு அலுமினியக் கரண்டியும் மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டியும் வைத்தான் என்று ஒரு கதை உண்டு. பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக இருக்கும் உலோகம் இதுதான், ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு. ஆனால் ஒட்சிசனை அது பிடித்த பிடியை மலிவாக விடுவிக்க ஒருவருக்கும் வழி தெரியவில்லை. 1886இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹோல் என்ற இளைஞரும், பிரான்சில் போல் எரூ என்ற இளைஞரும், ஒருவரை ஒருவர் அறியாமல், உருகிய கிரையோலைற்றில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் பிரிந்து அடியில் தேங்கும் என்று கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863இல், இறந்தது 1914இல்! இதை முதல்முதல் படித்த அன்று பக்கத்தில் இருந்தவரை உலுக்கிச் சொன்னேன். இப்போது உங்களை உலுக்குகிறேன்.

தமிழ்க் குசினிக்கு இந்த உலோகம் வந்த வழியும் எங்களுக்குப் பக்கத்துக் கரைதான். சென்னை கலைப்பள்ளியின் பொறுப்பில் இருந்த அல்பிரட் சாட்டர்ட்டன், 1898இல் அங்கே அலுமினியத் தகடுகளை வைத்து நம்முடைய கன்னார் கைகளால் பாத்திரம் அடிக்கத் தொடங்கினார். பித்தளைக்கும் செம்புக்கும் பழகிய சுத்தியல்கள் ஒரு புதுத் தகட்டைச் சந்தித்த நாள் அது. 1903இல் அந்தப் பட்டறை இந்தியன் அலுமினியம் கம்பனி என்ற தனியார் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதாவது, அலுமினியப் பானை நம் வீடுகளுக்கு வந்து நூற்றிருபது வருசத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதனால்தான் அதற்குத் தமிழில் ஒழுங்கான பெயர்கூடக் கிடைக்கவில்லை. என் அம்மம்மா கடைசிவரை 'ஈயச்சட்டி' என்றுதான் சொன்னா. ஈயம் அதில் ஒரு துளியும் கிடையாது. புதிதாக வந்த வெள்ளை உலோகத்துக்குப் பழைய வெள்ளை உலோகத்தின் பெயரை வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இந்த ஈயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்பி வரும்.

அலுமினியப் பானையில் சோறு ஏன் சுறுக்காக வேகிறது? சூட்டை அது சில்வர் பாத்திரத்தைவிடப் பதினைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். அடுப்பு ஒரு மூலையில் எரிந்தாலும் பானை முழுவதும் சூடு பரவிவிடும். எடையோ இரும்பின் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் மீன்குழம்பு மட்டும் மண்சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "புளி விட்டா உந்தச் சட்டி கறுக்கும், குழம்பும் வாசம் மாறும்" என்றா அக்கா. அலுமினியத்தின் மேல் ஒரு தோல் இருக்கிறது. காற்றுப் பட்ட கணத்தில் தானாகவே உண்டாகும் ஒட்சைட்டுத் தோல். ஒரு மில்லிமீற்றரைச் சில இலட்சமாகப் பகுத்தால் வரும் தடிப்பு. அதுதான் பானையைக் காக்கிறது. புளியும் எலுமிச்சையும் சுண்ணாம்பும் அந்தத் தோலை அரிக்கும். வேதியியல் படிக்காத அக்கா அதைச் சட்டியை மாற்றி வைத்தே சமாளித்துவிட்டா!

அந்தத் தோல் என்ன பொருள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த அலுமினா. இதே அலுமினா மண்ணுக்குள் கோடிக்கணக்கான வருசம் அழுத்தத்திலும் வெப்பத்திலும் பளிங்காகிக் கிடந்தால் அதன் பெயர் குருந்தம். குருந்தத்தில் துளி இரும்பும் துளி தைற்றேனியமும் கலந்து நிறமேறினால், அது இரத்தினபுரி நீலக்கல்! கரி பிடித்த கேத்திலின் தோலும், உலகத்து மகாராணிகள் விரலில் போடும் இலங்கை நீலமும் அடிப்படையில் ஒன்றே. இன்னும் ஒன்று. இதே கடற்கரையால் வடக்கே போனால் புல்மோட்டை. அங்கே அள்ளும் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைற்று, இரும்பும் தைற்றேனியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. நீலக்கல்லுக்கு நீலம் கொடுக்கும் அதே சோடி. புல்மோட்டை மணலுக்கும் சல்லிக் கேத்திலுக்கும் நடுவில் ஒரு நீலக்கல் ஒளிந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஓட்டோ அடுத்து நின்ற இடம் கரை. வள்ளங்கள் வந்து ஏறிக்கொண்டிருந்தன. வள்ளம் பைபர், ஆனால் அதன் பின்னால் தொங்கும் எஞ்சின் பெரும்பாலும் அலுமினியம். சிலிக்கன் கலந்த வார்ப்பு. இரும்பில் செய்தால் ஒரு ஆளால் தூக்கிக் கரைக்குக் கொண்டுவர முடியுமா? ஒரு வயசான சம்மாட்டி ஐயா எஞ்சினின் கால்பக்கத்தில் இருந்த சின்னக் கட்டி ஒன்றைக் காட்டினார். சவர்க்காரத் துண்டு அரைவாசி கரைந்தமாதிரி இருந்தது. "இது கரையிறதுக்கெண்டே வைச்சது. இது கரைஞ்சாத்தான் எஞ்சின் தப்பும்." துத்தநாகமோ அலுமினியக் கலவையோ ஆன அந்தக் கட்டி, உப்புத் தண்ணீரின் அரிப்பை முதலில் தன்மேல் வாங்கிக்கொள்ளும். எஞ்சினுக்காகத் தன்னைக் கொடுக்கும் கட்டி! எஞ்சினைக் கரையேற்றியதும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுவதும் அதற்குத்தான். கழுவாமல் விட்டால், துருப்பிடிக்காத ஆணி இருக்கும் இடங்களில் அலுமினியம் வெள்ளை வெள்ளையாய்ப் பூக்கும். "பூத்துப்போச்சு" என்பார்கள் இங்கே. என்ன அழகான சொல், எவ்வளவு கவலையான விசயத்துக்கு.

ஐயாவின் கொட்டிலில் ஒரு பூத்துப்போன எஞ்சின் கிடந்தது. விசிறியின் ஓர் இதழ் கல்லில் மோதி உடைந்திருந்தது. விசிறியை ஆகன் வெல்டிங்கில் ஒட்டிவிடலாம், ஆனால் உடம்பு இனி உதவாது என்றார். பிஸ்ரனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இது எனக்கு வீடு கட்டித் தந்தது, தம்பி." பிறகு அதையும் உடம்பையும் சாக்குக்குள் போட்டார். அண்ணை நிறுத்துக் காசு எண்ணிக் கொடுத்தார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் தராசின் முள்ளையே பார்த்தார்கள், நானும்தான்.

கரையில் ரின்களும் கிடந்தன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வரும் சுற்றுலாக்காரர் குடித்துப் போட்ட குளிர்பான ரின்கள். இரண்டு பொடியன்கள் அவற்றைப் பொறுக்கி, மிதித்துத் தட்டையாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ரின்னின் எடை பதின்மூன்று கிராம் அளவு. சுவரின் தடிப்பு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று. ஏறக்குறைய எழுபத்தைந்து ரின் சேர்ந்தால் ஒரு கிலோ. பொடியன்களுக்கு இந்தக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மிதிக்கமுதல் ஒவ்வொரு ரின்னையும் கவிழ்த்து உதறினார்கள். "மண் இருந்தா மாமா காசு குறைப்பார்." இல்லை, காரணம் அதைவிடப் பெரிது. பின்னேரம்தான் எனக்கு விளங்கியது.

ஓட்டோ அடுத்துப் போனது திருகோணமலை நகரத்து ஓரத்தில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்கு. அதைப் பற்றி எழுத எனக்கு ஒரு முழு இதழ் வேண்டும். தகரக் கூரை, மண் தரை, நடுவில் பெரிய தராசு. வாசலில் கால் வைத்ததும் கண் கூசியது. ஒரு பக்கம் பானை சட்டி மலை, ஒரு பக்கம் யன்னல் சட்டக் கட்டுகள், ஒரு பக்கம் எஞ்சின் உடம்புகள், ரின் மூட்டைகள், கம்பிச் சுருள்கள். எல்லாம் அலுமினியம்தானே, ஏன் இவ்வளவு பிரிவு என்று கேட்டேன். கடை முதலாளி என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எல்லாரும் மனுசர்தானே எண்டு எல்லாரையும் ஒரு வீட்டில வைக்கலாமோ?"

அவர் கையில் இருந்த கருவிகள் மூன்று. ஒரு காந்தம், ஒரு அரம், ஒரு சுத்தியல். காந்தம் ஒட்டினால் இரும்பு கலந்திருக்கிறது, ஆணி, திருகாணி, பிடி. தட்டிக் கழற்ற வேண்டும். அரத்தால் ஒரு கீறல் போட்டால் பூச்சுக்கு அடியில் உள்ள நிறம் தெரியும். சுத்தியலால் ஓர் அடி. பானைத் தகடு நசுங்கும், உடையாது. ஏனென்றால் அது கிட்டத்தட்டச் சுத்தமான அலுமினியம். எஞ்சின் வார்ப்போ 'டக்' என்று உடையும், உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் நறநறவென்று மணிமணியாக இருக்கும். அது சிலிக்கன். யன்னல் சட்டத்தில் மக்னீசியமும் சிலிக்கனும் கொஞ்சம். ரின் ஒன்றுக்குள்ளேயே இரண்டு விதம், உடம்பில் மங்கனீசு கூட, மூடியில் மக்னீசியம் கூட. மின்கம்பி எல்லாவற்றிலும் சுத்தம், ஆனால் அதை யார் கொண்டுவந்தாலும் எங்கே எடுத்தது என்று கேட்பாராம். இரவில் அறுத்த கம்பி தன் கடைவாசலுக்கு வரக்கூடாது என்று அவர் சொன்னபோது குரல் கொஞ்சம் உயர்ந்தது. ஒரு தெருவையே இருட்டாக்கும் களவு அது, உயர வேண்டிய குரல்தான்.

அக்காவின் கேத்தில் சுத்தியலுக்கு முன்னால் வந்தது. கம்பிப் பிடி கழன்று இரும்புக் குவியலுக்குப் போனது. மூக்கு நசுங்கியது, உடம்பு தட்டையானது, பானை மலையில் போய்ச் சேர்ந்தது. நான் 'ஐயோ' என்று சொல்லிவிட்டேன்போல. "சாகேல்ல, தம்பி. இது சாகாத சாமான்" என்றார் முதலாளி. அதைவிடச் சரியாக ஒரு விஞ்ஞானி சொல்ல முடியாது. எத்தனை முறை உருக்கினாலும் அலுமினியம் அலுமினியமாகவே இருக்கும். கடதாசிக்கு நார் தேயும், பிளாஸ்ரிக்குத் தரம் இறங்கும், இதற்கு அது கிடையாது. மனிதன் இதுவரை எடுத்த அலுமினியத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி இன்னும் எங்கேயோ பயனில் இருக்கிறது என்று உலக அலுமினியத் தொழில் அமைப்பின் கணக்குச் சொல்கிறது. ஆக, அந்தக் கேத்தில் அதற்கு முன் என்னவாக இருந்ததோ! ஒரு பேருந்தின் தகடா, எந்த நாட்டுக் குசினியா?

பானை மலையில் கை விட்டு முதலாளி ஒரு சட்டியை எடுத்துத் தனியே வீசினார். அடியில் மங்கலான, கனத்த ஒரு படிவு. "வலைக்கு ஈயம் உருக்கின சட்டி." கடற்கரை ஊர்களில் வலையின் கீழ்க்கயிற்றுக்கு ஈயம் கட்டுவார்கள். ஈயம் 327 பாகையில் உருகிவிடும், அலுமினியத்துக்கு 660 வேண்டும். அதனால் பழைய சட்டியில் ஈயம் உருக்குவது லேசு. அந்தச் சட்டி மற்றச் சட்டிகளோடு உருகினால் ஈயமும் கூடவே போகும். இங்கேதான் அம்மம்மாவின் ஈயச்சட்டி ஞாபகம் வந்து எனக்குச் சுருக்கென்றது. பத்து வளரும் நாடுகளில் வாங்கிய 42 அலுமினியப் பாத்திரங்களைப் பரிசோதித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. கண்ட கண்ட கழிவையும் கலந்து உருக்கி வார்த்த பாத்திரங்கள். மூன்றில் ஒரு பங்கு, சமையலில் ஆபத்தான அளவு ஈயத்தை விடக்கூடியவை. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். பெயரில் மட்டும் இருந்த ஈயம் உண்மையாகவே சட்டிக்குள் வந்துவிடக்கூடாது. அந்த முதலாளியின் கை பானை மலைக்குள் தேடிய தேடலை நான் பார்த்தேன். எந்தப் பரிசோதனைச் சாலைக்கும் முன்னால் நிற்கும் முதற்காவல் அந்தக் கைதான்.

தட்டிய பானைகளும் ரின்களும் மூட்டையாகிக் கொழும்புக்கு லொறி ஏறும். எஞ்சின் வார்ப்புகளில் ஒரு பகுதி ஊரிலேயே ஒரு வார்ப்புப் பட்டறைக்குப் போகும். ஐயாவின் பிஸ்ரனோடு நானும் அங்கே போனேன்.

போகும் வழியில் சீனன்குடாப் பக்கம் ஓட்டோ திரும்பியபோது எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலம், 1940 யூலையில் பிரித்தானிய அமைச்சர் பீவர்புரூக் பெண்களிடம் ஒரு வேண்டுகோள் விட்டார். உங்கள் அலுமினியப் பானை சட்டிகளைத் தாருங்கள், விமானமாக்குகிறோம் என்று. வீதிகளில் கெண்டிகளும் கேத்தில்களும் மலையாகக் குவிந்தன. அதற்குப் பிறகு இரண்டு வருசம் ஆகமுதல், 1942 ஏப்ரல் 9 காலையில், ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேல் இந்தத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலே வந்தன. அவற்றோடு வந்த சீரோ சண்டை விமானங்களின் இறக்கைச் சட்டத்தில் இருந்தது துத்தநாகம் கலந்த புதுவிதமான அலுமினியம். சுமித்தோமோ நிறுவனம் 1936இல் உருவாக்கியது. அந்த இலேசும் பலமும் சீரோ அவ்வளவு தூரம் பறக்க உதவின. இங்கிருந்து எதிர்த்து எழும்பிய பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்களின் எஞ்சின்களும் அலுமினிய வார்ப்புகள். அன்று சீனன்குடாவின் எண்ணெய்த் தொட்டி ஒன்று பற்றி நாள்கணக்கில் எரிந்தது. இன்று 99 தொட்டிகள் எஞ்சி நிற்கின்றன. போர் முடிந்ததும் ஜப்பானில் என்ன நடந்தது தெரியுமா? விமானத்துக்கென்று வைத்திருந்த தகடுகளில் பானை சட்டி செய்தார்கள். பானை விமானமானது, விமானம் பானையானது! ஓட்டோ அண்ணை திரும்பிப் பார்த்து, "அப்ப அக்காவின்ர கேத்தில் பறந்திருக்கவும் கூடும்" என்றார். நான் அவர் முதுகில் தட்டினேன், அவ்வளவு சந்தோசம்.

பட்டறை ஒரு மாமரத்துக்குக் கீழே. மரம், மணல், நெருப்பு, மூன்று பேர். மூசையில் வார்ப்புத் துண்டுகள் உருகிக்கொண்டிருந்தன. பெரிய மேசன் (அங்கே எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்) ஐயாவின் பிஸ்ரனை அடுப்பு விளிம்பில் வைத்தார். உடனே உள்ளே போடவில்லை. "ஈரம் காயட்டும்." பொடியன்கள் ரின்னை உதறியதன் காரணம் இப்போது தெரிந்தது. உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் மாட்டினால், கணத்தில் நீராவியாகி வெடிக்கும். நெருப்புக் குழம்பு நாலு பக்கமும் தெறிக்கும். அதனால் எந்தத் துண்டும் சூடேறி உலர்ந்த பிறகுதான் மூசைக்குள் இறங்கும். மூடிய குழாயோ தண்ணீர் நின்ற போத்தல்மூடியோ அந்த வளவுக்குள்ளேயே வரக்கூடாது.

ரின்னை ஏன் இங்கே உருக்குவதில்லை என்று கேட்டேன். மெல்லிய தகடு, தோலோ நீலக்கல்லின் பொருள். அது உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். திறந்த நெருப்பில் ரின்னைப் போட்டால் உலோகம் உருகிச் சேரமுதல் பாதி தோலாகவே எரிந்து கசடாகிவிடும், பூச்சு எரிந்து புகையும் கக்கும். அதற்குப் பெரிய உலை, மூடிய உலை வேண்டும். கொழும்பு லொறி அதற்காகத்தான்.

பிஸ்ரன் காய்ந்து மூசைக்குள் இறங்கி உருகிய பிறகு, மேலே படிந்த கசடை மேசன் ஒரு நீண்ட கரண்டியால் வழித்தார். அடியில் இருந்ததைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். உருகிய இரும்பைப்போல் மஞ்சளாகச் சீறும் என்று நினைத்திருந்தேன். இல்லவே இல்லை. பகல் வெளிச்சத்தில் உருகிய அலுமினியம் ஒளிராது. பௌர்ணமிக் கடல்போல வெள்ளியாக, அமைதியாக, ஒரு கண்ணாடியாகக் கிடந்தது. மாமரத்தின் இலை அதற்குள் தெரிந்தது! "அழகெண்டு கிட்டப் போகாதேங்கோ. சூடில்லாததுமாதிரி இருக்கும், அதுதான் பொல்லாதது." 700 பாகைக்கு மேல் சூடேறிய பொருள், குளிர்ந்த பால்மாதிரி இருக்கிறது.

மணலைக் களியும் தண்ணீரும் அளவாகச் சேர்த்துப் பிசைந்து, பெட்டிக்குள் அச்சை வைத்து இடித்திருந்தார்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கையில் ஒட்டக்கூடாது. புட்டுக்கு மா குழைக்கிற பதம் என்று சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள், ஆனால் இல்லையென்று சொல்லவில்லை. அச்சைத் தூக்கினார்கள். ஒரு கேற்றின் மேலே வைக்கும் தாமரைப்பூ, மணலுக்குள் குழியாகப் பதிந்திருந்தது. இருவர் மூசையைக் குறட்டால் தூக்கினார்கள். ஒருவரும் பேசவில்லை. வாய்க்காலில் வெள்ளி இறங்கியது. மூன்று விநாடியோ நாலோ. மணல் 'சிர்' என்றது, ஒரு மெல்லிய புகை, தாரை நின்றுவிட்டது. அவ்வளவுதான்! நான் இன்னும் மூச்சை விடவில்லை.

சாப்பாட்டுச் சாமான் வார்ப்பதுண்டா என்று கேட்டேன். "இல்லை. எந்த எஞ்சினில என்ன கலந்திருக்கெண்டு எனக்குத் தெரியாது. கேற்றுப்பூ, கப்பி, மிசின் பாகம், அதோட சரி. சோறாக்கிற சட்டிக்கு என்னட்ட வராதேங்கோ." பழைய இரும்புக் கடையில் கண்ட அதே எச்சரிக்கை இங்கேயும்.

வார்ப்பு ஆறும்வரை நான் அவர்களுக்குக் கணக்குச் சொன்னேன். ஒரு கிலோ புது அலுமினியத்துக்கு நாலைந்து கிலோ போக்சைற்று மண் வெட்ட வேண்டும். அதைச் சுத்திகரிக்கும்போது இரண்டு கிலோ அளவோ அதற்கு மேலோ காரமான செஞ்சேறு மிஞ்சும். தமிழ்நாட்டு மேட்டூரில் 1965இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பனிக்காகச் சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் வெட்டுப்பட்டன. உலை 2008இல் நின்றது, வெட்டிய மலை திரும்பி வளராது. பிறகு மின்சாரம். ஒரு கிலோ உலோகத்தைப் பிரிக்கப் பதினாலு யூனிற் அளவு வேண்டும். மாதம் 60 யூனிற்றுக்குள் பில்லை நிறுத்தப் பாடுபடும் சல்லி வீடொன்றுக்கு அது ஒரு கிழமைக்குப் போதும். பழையதை உருக்கினால் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும், ஒரு யூனிற்றும் ஆகாது. இலங்கையில் போக்சைற்றிலிருந்து அலுமினியம் எடுக்கும் உலை கிடையாது. நமக்கு வருவதெல்லாம் கப்பலில் டொலர் கொடுத்து வாங்கியது. புல்மோட்டையில் மணலுக்குச் சுரங்கம் உண்டு. அலுமினியத்துக்குச் சல்லியின் பின்வளவுகள்தான் சுரங்கம். ஓட்டைக் கேத்திலும் பூத்துப்போன எஞ்சினும் மிதித்த ரின்னும்தான் அதன் தாது. எந்த மலையும் வெட்டுப்படாத சுரங்கம். இதைச் சொல்லும்போது என் குரல் மேலே மேலே போகிறது என்று பட்டறைப் பொடியன் ஒருவன் கையால் சைகை காட்டினான். போகட்டும்.

மணலைத் தட்டி உடைத்துப் பூவை எடுத்தார்கள். இதழெல்லாம் சரியாக விழுந்திருந்தது. உலோகம் இறங்கிய வாய்க்காலில் உறைந்து நின்ற தண்டை ஒரே அடியில் உடைத்து, மேசன் அதை மறுபடி மூசைப் பக்கம் வீசப் போனார். வாய்க்கால் தண்டு வீணாகாது, அடுத்த வார்ப்புக்கு அதுவே சரக்கு. ஒரு துண்டு எனக்குத் தரலாமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். விரல் நீளத்தில் ஒன்றைத் தண்ணீரில் தோய்த்து ஆற்றித் தந்தார்.

பொழுது சாய்ந்த நேரம் மறுபடி சல்லிக் கரை. சம்மாட்டி ஐயா வலையின் கீழ்க்கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நான் கைலேஞ்சியை அவிழ்த்துத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். உங்கள் பிஸ்ரன் மூசைக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையைச் சற்றே உயர்த்தி இறக்கி எடை பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு அவன் கையில் வைத்தார்.

"என்னப்பா இது?"

"எங்கட எஞ்சின்ரா."

அவன் அதைக் காதில் வைத்துக் கேட்டான்.